அதே ப்ளேன்தாம்மா

சிரிச்சுக்கங்கண்ணா, பரவால்ல. பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க எல்லாரும் அப்படித்தான் சிரிக்கறாங்க. ப்ளேன் ஓட்டப் பழக்கறேன்னு சொன்னேன். எத்தனை வாட்டி ப்ளேன்ல போயிருக்கீங்கன்னு கேட்டீங்க. ஒரு வாட்டியும் இல்லைங்க. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு ஒரு தடவை மச்சானைக் கூட்டியார போயிருக்கேன், வெளிய நின்னேன், அவ்வளவுதான்.

நான் பழக்கறது நிஜ ப்ளேன் இல்லைங்க, சிமுலேட்டர். கம்ப்யூட்டர்தான். மூணு திரை, ஒரு ஸ்டியரிங், காலுக்கு ரெண்டு கட்டை. சேலத்துல ஒரு அகாடமி, பேர் எதுக்கு, கீழ ஜவுளிக்கடை, மூணாவது மாடியில நாங்க. அங்க வர்ற புள்ளைங்க ஏற்கெனவே லைசென்ஸ் வெச்சிருப்பாங்க. குட்டி ப்ளேன்ல பறந்து வாங்கின லைசென்ஸ். வேலைதான் கிடைச்சிருக்காது. ஏர்லைன்ஸ்காரன் கூப்பிட்டு, பெரிய சிமுலேட்டர்ல உக்கார வெச்சு ஓட்டச் சொல்லுவான். அந்தப் பரீட்சைக்குப் பழகிக்கத்தான் எங்ககிட்ட வருவாங்க. நமக்குப் பறக்கத் தெரிய வேண்டியதில்ல. எந்த வேகத்துல எந்தப் பொத்தானைத் தொடணும், மானியில முள்ளு எங்க நிக்கணும், அதை உக்காந்து பாத்துச் சொல்லணும். அதுல நான் பரவால்ல. சும்மா சொல்லல. எங்ககிட்டப் பழகி வேலைக்குப் போன புள்ளைங்க இருக்காங்க.

அதுக்குக் காரணம் நான் இல்லைங்க, எங்க கம்ப்யூட்டர்ல இருந்த அந்தப் பழைய ப்ளேன். எழுபது பேர் போற ப்ரொப்பெல்லர் ப்ளேன், சின்ன ஊருக்கெல்லாம் போகுதே, அது. போர்ச்சுகல்ல யாரோ ஒருத்தர், அந்தக் காலத்து சிமுலேட்டருக்குன்னு உருவாக்கினது. அவர் அந்த ப்ளேன் கம்பெனியில எஞ்சினியரா இருந்தவர்னு சொல்லுவாங்க. கதவுப் பிடியைக்கூட விடாம செஞ்சிருந்தாருண்ணா. ஒரு எஞ்சின் நின்னுபோச்சுன்னு வைங்க, நிஜ ப்ளேன் எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்குமோ அந்த அளவுக்கு இழுக்கும். வேலைக்குப் போன பையன் ஒருத்தன் போன் பண்ணிச் சொன்னான், "சார், நிஜ ப்ளேன்ல உக்காந்தேன், நம்ம லேப்ல உக்காந்த மாதிரியே இருந்துச்சு"ன்னு. எனக்கு அன்னிக்குச் சோறே இறங்கல, சந்தோஷத்துல.

அப்புறம் சேர்மன் புது கம்ப்யூட்டர் வாங்கினாரு.

சேர்மன்னா எங்க ஓனர், கோவர்த்தனன். முன்னாடி திருமண மண்டபம் வெச்சிருந்தாரு. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். எதிர்ல எவனோ இன்னொரு அகாடமி தொறந்துட்டான், அங்க திரையில மேகம் எல்லாம் தத்ரூபமா தெரியுதுன்னு யாரோ சொல்லிட்டாங்க. நம்ம திரையில மரம் பச்சை அட்டை வெட்டி வெச்ச மாதிரி இருக்கும். பழசு இல்லீங்களா. அதனால புது கம்ப்யூட்டர், புது சிமுலேட்டர், எல்லாம் வந்திறங்குச்சு. நான் கேட்டேன், "சார், நம்ம பழைய ப்ளேன்?" அவரு, "அதையும் காப்பி பண்ணிப் போட்டுடு"ன்னாரு.

காப்பி பண்ணிப் போடறதுங்க. சினிமாப் பாட்டு காப்பி பண்ற மாதிரி.

சரின்னுட்டு உக்காந்தேன். முதல்ல புது சிமுலேட்டர் அந்த ப்ளேனை ஏறெடுத்தே பாக்கல. அப்படி ஒண்ணு இருக்கறதாவே காட்டல. எந்த ஃபோல்டர்ல எதை வெக்கணும்ங்கற முறையே மாறிப்போச்சு. அதையெல்லாம் படிச்சுப் படிச்சு மாத்தி வெச்சேன். ஒரு நாள் தெரிஞ்சுதுங்க. ப்ளேன் வந்துடுச்சு! ஆனா கண்ணாடியெல்லாம் கறுப்பு. தார் பூசின மாதிரி. உள்ள உக்காந்தா வெளிய ஒண்ணும் தெரியல. பழசுல கண்ணாடிக்கு ஒரு வித பெயிண்ட், புதுசுல வேற. சரி, அதையும் ஒருவழியா சரி பண்ணினேன்.

அப்புறம் ரன்வேயில நிறுத்தினேன். நிறுத்தினா அப்படியே வயிறு வரைக்கும் தரையில புதைஞ்சுபோச்சு. சேத்துல மாட்டின எருமை மாதிரி. என்னடான்னு பாத்துட்டே இருக்கேன், திடீர்னு தூக்கி எறிஞ்ச மாதிரி வானத்துக்குப் போயிடுச்சு. அங்க போய் தலைகீழாச் சுத்துது. ஆபீஸ் பொண்ணு எட்டிப் பாத்துட்டு ஓன்னு சிரிக்குது. சக்கரம் எங்க தரையைத் தொடணும்னு ஒரு கணக்கு இருக்குங்க, அதைப் புதுசு வேற மாதிரி படிக்குது. ஒவ்வொரு சக்கரத்தையும் கொஞ்சம் ஏத்தி, கொஞ்சம் இறக்கி, நிறுத்திப் பாத்து, புதைஞ்சு, எகிறி... கடைசில நின்னுச்சு. நின்னப்ப நான் கைதட்டினேன், தனியா.

ப்ரொப்பெல்லர் மட்டும் நின்னுட்டு இருக்கறப்பவும் தோசைக்கல்லு மாதிரி வட்டமாவே தெரியும். அதை விட்டுட்டேன். அதைப் பாத்தா யாரு ஓட்டப்போறா.

விட முடியாதது மானிங்க. வேகம் காட்டற மானி, உயரம் காட்டற மானி, எஞ்சின் மானி. எல்லாம் பொட்டு வெளிச்சம் இல்லாம ஓட்டை ஓட்டையா இருக்கு. பல்லு போன வாய் மாதிரி. ஏன்னா ஒவ்வொரு முள்ளையும் ஆட்டறதுக்கு அந்த போர்ச்சுகல்காரர் ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதியிருக்காரு. அது பழைய கம்ப்யூட்டருக்குன்னு முடிச்சு மூடி வெச்சது. புதுசு அதைத் தொடவே மாட்டேங்குது. அவர் கையால எழுதின மூலம் இருந்தா மாத்தி எழுதலாம். நம்மகிட்ட இருக்கறது முடிஞ்சு வந்தது. தோசையைக் குடுத்துட்டு இதை மறுபடி மாவாக்குன்னா எப்படிங்க? அவருக்கு மெயில் போட்டேன், அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. ஆள் இருக்காரோ இல்லையோ. இந்த மாதிரி வேலை செய்யறவங்க நெட்ல பேசிக்கற இடம் ஒண்ணு இருக்கு, அங்க எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டேன். பிரேசில்காரன் ஒருத்தன் மட்டும் பதில் போட்டான். நானும் இதே ப்ளேனோட மல்லுக்கட்டித் தோத்துட்டேன் நண்பான்னு. அவனாவது நண்பான்னு சொன்னான்.

சேர்மன்கிட்டப் போய் நின்னேன். "சார், மானி வரல. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை மட்டும் வெச்சுக்கலாம் சார். ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்"னேன். அவரு என்னையவே பாத்தாரு. "புது லேப் திறப்பு விழாவுக்கு முன்னாள் எம்.எல்.ஏ. வர்றாரு. ஓரத்துல குப்பை வெச்சுக்கிட்டு திறப்பு விழாவா? புது சிமுலேட்டர்லயே ப்ளேன் குடுத்திருக்கான் இல்ல?"

"குடுத்திருக்கான் சார். ஆனா அது சின்ன ப்ளேன் சார். இருபது பேர்கூட போக முடியாது."

"ப்ரொப்பெல்லர் ரெண்டு இருக்கா?"

"இருக்கு சார்."

"பறக்குதா?"

"பறக்குது சார்."

"அப்ப அதுக்கு நம்ம ப்ளேன் பெயிண்ட்டை அடிச்சுப் போடு பரந்தாமா. வர்றவனுக்கு என்ன தெரியப்போவுது."

நான் என்னங்க பண்ணட்டும்? அடிச்சேன். சொல்லக் கூடாது, பெயிண்ட் மட்டும் அச்சு அசல். வால்ல அந்தக் கோடு வளைஞ்சு போகும் பாருங்க, அது ஒரு இம்மி பிசகல. திரையில வர்ற பேரையும் மாத்திட்டேன். முன்னாள் எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டிட்டு உள்ள உக்காந்து ஓட்டிப் பாத்தாரு. மேகத்தைப் பாத்துட்டு, "அட, நிஜமாவே ஊட்டிக்கு மேல போற மாதிரி இருக்கு"ன்னாரு. பழைய கம்ப்யூட்டரையெல்லாம் காயலான் கடைக்காரன் வந்து ஏத்திட்டுப் போயிட்டான்.

அந்தச் சமயத்துல எங்ககிட்டப் பழகிட்டு இருந்த பொண்ணுதாங்க இந்துஜா. நாமக்கல். அப்பா லாரிக்கு பாடி கட்டற பட்டறை வெச்சிருக்காரு. பொண்ணு லைசென்ஸ் வாங்கிட்டு ரெண்டு வருஷமா வீட்டுல இருந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் பைலட்டம்மா, பைலட்டம்மான்னு கூப்பிட்டு அதுவே கேலியாப் போச்சாம். எங்ககிட்ட தினம் பஸ்ல வந்துட்டுப் போகும். நல்ல கைங்க அதுக்கு. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காது. சில பேர் மாட்டுக் கயிறு பிடிக்கற மாதிரி பிடிப்பாங்க. இது தொட்டும் தொடாம வெச்சிருக்கும்.

பழைய ப்ளேன்ல பாதி பழகியிருந்துச்சு. மீதி புதுசுல. முதல் நாள் உக்காந்ததுமே கேட்டுச்சு. "சார், இது முன்ன மாதிரி இல்லையே. ரொம்ப லேசா இருக்கு. இறங்கறப்ப வேகம் இவ்வளவு குறைச்சாலும் ஒண்ணும் ஆக மாட்டேங்குது?"

நான், "புது கம்ப்யூட்டர் இல்லையாம்மா, அப்படித்தான் இருக்கும். அதே ப்ளேன்தாம்மா"ன்னேன்.

வேற என்னங்க சொல்லட்டும்? பக்கத்துல சேர்மன் நிக்கறாரு. கூட நாலு புள்ளைங்க நிக்குது. இதுகிட்ட உண்மையைச் சொன்னா நாலு பேருக்கும் சொன்ன மாதிரி. அதுவும் சரிங்க சார்னு தலையாட்டிட்டு, புது வேகத்தைக் கத்துக்கிச்சு. எதைச் சொன்னாலும் நல்லா கத்துக்கும். அதுதான் அதுகிட்ட.

ஏர்லைன்ஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. பெங்களூர்ல பரீட்சை. எழுதறது, பேசறது எல்லாத்துலயும் முன்னாடி நின்னுச்சாம். கடைசியா சிமுலேட்டர். அது நம்மளுது மாதிரி இல்லைங்க, ஒரு ரூம் அளவு இருக்கும், அடியில இரும்புக் காலு வெச்சு, ப்ளேன் மாதிரியே ஆடும். அந்த எழுபது பேர் ப்ளேன்தான். கிளப்பினது நல்லாத்தான் கிளப்பிச்சாம். இறங்கறப்ப நாங்க பழக்கின வேகத்துக்குக் குறைச்சிடுச்சு. நூறு. அந்தப் பெரிய ப்ளேனுக்கு நூறு பத்தாதுங்க. ஸ்டியரிங் கையில தடதடன்னு ஆடியிருக்கு. ப்ளேன் விழப்போகுதுன்னா அப்படி ஆட்டிக் காட்டும். பழைய ப்ளேன்லயும் ஆடும், புதுசுல நான் அதை வெக்கல, வெக்க முடியல. இந்துஜா அது ஏன் ஆடுதுன்னு யோசிக்கறதுக்குள்ள, பக்கத்துல இருந்த பரீட்சைக்காரர் தன் கையில வாங்கிட்டாரு. அவர் கையில வாங்கிட்டாருன்னா முடிஞ்சுதுங்க, ஃபெயில்.

"இந்த வேகத்தை உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டாராம். இது என் பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லல. நல்ல பொண்ணு.

கொஞ்ச நாள் கழிச்சு எங்க லேபுக்கு வந்துச்சு. காலையில, யாரும் இல்லாத நேரம். "சார், ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. ஓட்டும்மான்னேன். போனை ஒரு ஸ்டாண்டுல மாட்டி வெச்சுது. ஞாபகத்துக்கு எடுத்துக்குது போலன்னு நினைச்சேன். திரையில வெயில் பட்டு மின்னுச்சு, நான்தான் போய் திரைச்சீலையை இழுத்து விட்டேன், படம் நல்லா விழட்டும்னு. அது ஓட்டிக்கிட்டே ஒவ்வொரு வேகமா வாய்விட்டுச் சொல்லிச்சு. இந்த வேகத்துல இது விழணும், விழல. இந்த வேகத்துல ஸ்டியரிங் ஆடணும், ஆடல. சத்தம் போடாம, பாடம் ஒப்பிக்கற மாதிரி. முடிச்சிட்டு எழுந்து என்னைப் பாத்து, "சார், இது அந்த ப்ளேன் இல்லதான?"ன்னுச்சு.

நான் கண்ணாடி கறுப்பாப் போனது, சக்கரம் புதைஞ்சது, மானி வராதது, பிரேசில்காரன், எல்லாத்தையும் சொன்னேன். எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு அதுக்குத் தெரிய வேண்டாமா? பொறுமையாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் புக்கைப் பாத்தாவது வேகத்தைச் சரி பண்ணியிருப்பேன் சார்"னுச்சு. அவ்வளவுதான். திட்டல. திட்டியிருந்தா பரவால்ல போல இருந்துச்சு.

அந்த வீடியோவை நெட்ல போட்டுடுச்சுங்க. பாத்திருப்பீங்களோ என்னவோ, நிறைய பேர் பாத்தாங்க. அதுல கடைசில சொல்லும், "எனக்குச் சொல்லிக்கொடுத்த சார் நல்லவர்தான், அவர் மேல எனக்குக் கோபம் இல்லை"ன்னு. அதை அதுவாத்தான் சொல்லிச்சு, நான் கேட்டுச் சொல்லல. என் வீட்டுக்காரிகிட்ட அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். அவ முழுசையும் பாக்கணும்னா. பாத்துட்டு எழுந்து போய் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டா. ஏன்னு தெரியல. பொம்பளைங்களுக்கு இந்த டெக்னிக்கல் விஷயம் புரியாது.

புது பேட்ச்சுக்கு ஆள் சேரல. சேர்மன் என்னைக் கூப்பிட்டாரு. "உன்னைத்தான நல்லவர்னு சொல்லியிருக்கு? நீயே போய் எடுக்கச் சொல்லிட்டு வா. எடுக்கலைன்னா நீ அங்கேயே நாமக்கல்லயே ஏதாச்சும் வேலை பாத்துக்க"ன்னாரு. அதான் இன்னிக்கு காலையில கிளம்பி வந்தேன். அங்க போயிட்டுத்தான் திரும்பறேன் இப்ப.

பட்டறைக்குப் பின்னாடிதான் வீடு. டங்கு டங்குன்னு தகரம் அடிக்கற சத்தம். பேசறதையே கத்திப் பேசணும். இந்துஜா பட்டறையில ரிவெட்டு, ஆணி எல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு இருந்துச்சு. என்னைப் பாத்ததும் கையைத் தொடச்சிட்டு, "வாங்க சார்"னு உள்ள கூட்டிட்டுப் போச்சு. அவங்கம்மா காபி குடுத்தாங்க. எதுக்கு வந்தேன்னு அவங்களுக்குத் தெரியாது போல. "எம்பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்த சாரா? சாப்பிட்டுத்தான் போகணும்"னாங்க. நான் டம்ளரைக் கீழ வெச்சேன்.

"இந்துஜா, அந்த வீடியோவை எடுத்துடும்மா"ன்னேன்.

"அதுல எது சார் பொய்?"

"பொய்னு நான் சொல்லலையேம்மா."

"பின்ன ஏன் எடுக்கணும்?"

"எனக்கு வேலை போயிடும்மா. ரெண்டு புள்ளைங்க படிக்குது."

வெளிய தகரம் அடிக்கற சத்தம் நின்னிருந்துச்சு. இந்துஜா போனை எடுத்து, என் கண்ணு முன்னாடியே வீடியோவை அழிச்சுது. அழிச்சிட்டு என்கிட்ட காட்டிச்சு, "பாத்துக்கங்க சார், போயிடுச்சு"ன்னு. நன்றிம்மான்னேன்.

எழுந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டுவந்து விடறேன்னு ஸ்கூட்டியை எடுத்துச்சு. வேணாம்னு சொல்லியும் கேக்கல. பஸ் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்திட்டுத்தான் கேட்டுச்சு. "சார், ஏர்லைன்ஸ்ல இன்னொரு வாட்டி கூப்பிடுவாங்க. அடுத்த வருஷம். அந்தப் பழைய ப்ளேன் உங்ககிட்ட இருக்கா?"

இருக்குங்க. இதோ, என் சாவிக்கொத்துலயே தொங்குது பாருங்க, இந்த பென்டிரைவ்தான். காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் இதுல எடுத்து வெச்சேன். ப்ளேன் மட்டும் இல்ல, பழைய சிமுலேட்டரும் சேத்து.

"இருக்கும்மா. ஆனா ஓட்டறதுக்குப் பழைய கம்ப்யூட்டர் வேணுமே"ன்னேன்.

"அப்பாவோட ஃப்ரெண்டு லாரி ஆபீஸ்ல ஒரு பழசு சும்மா கிடக்கு சார். தூசி தட்டினா ஓடும்னாங்க. நீங்க ப்ளேனைக் குடுத்தீங்கன்னா நான் வீட்டுலயே பழகிக்குவேன். உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அண்ணா, என் கை சாவிக்கொத்து மேலதான் இருந்துச்சு. ஆனா லேப்ல இருக்கற எதுவும் வெளிய போகக்கூடாதுன்னு சேர்மன் சொல்லியிருக்காரே. அந்த போர்ச்சுகல்காரர் யார் வேணா எடுத்துக்கலாம், யாருக்கு வேணா குடுக்கலாம், விக்க மட்டும் கூடாதுன்னு அதுக்குள்ளயே எழுதி வெச்சிருக்காருதான். இருந்தாலும் சம்பளம் குடுக்கறவர்னு ஒருத்தர் இருக்காரு இல்லீங்களா? நான் என்னங்க பண்ணட்டும்?

"கேட்டுச் சொல்றேம்மா"ன்னேன்.

"சரிங்க சார்"னுச்சு. நான் ஏறி இந்த ஜன்னலோரம் உக்காந்தேன். வண்டி எடுக்கற வரைக்கும் அங்கதான் நின்னுச்சு, ஹெல்மெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு. நான் போம்மா போம்மான்னு கையைக் காட்டறேன், போகல. வண்டி திரும்பறப்பவும் நின்னுட்டுத்தான் இருந்துச்சு.

என்ன பாக்கறீங்க? கேக்கத்தாண்ணா போறேன். கேக்காம என்ன. ஆனா இன்னிக்கு வேணாம். வீடியோ போயிடுச்சுன்னு இன்னிக்குத்தான் மனுசன் கொஞ்சம் சந்தோஷமா இருக்காரு, இப்பப் போய் அந்தப் பொண்ணு பேரை எடுத்தா நல்லா இருக்காது. அடுத்த வாரமும் புது பேட்ச் சேர்ற நேரம். அது ஒரு பக்கம் முடியட்டும். அவர் நல்லபடியா இருக்கறப்ப பாத்து, மெதுவா, கேக்கணும்.